கம்பளிப் பந்து வந்த வழி

கேள்வி: நூலோடு பிழைக்கிற ஊர்க்காரன் நான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஆடிய பூப்பந்தும் நூல் சுற்றிய பந்துதான். இந்த ஆட்டம் எங்கே தொடங்கியது? வெள்ளைக்காரன் கொடுத்ததா, நம்முடையதா? அந்தப் பந்தைப் பட்டுநூலில் ஏன் செய்வதில்லை?
– வாசகர், ஆரணி

பதில்: மட்டை அவர்களுடையது, பந்து நம்முடையது என்று பாகம் பிரித்துவிடலாம்.

நூல் வரிந்த பந்து நமக்குப் பழைய சரக்கு. மதுரைக் கோட்டை வாசலில் அப்படியொரு பந்தும் பாவையும் தொங்கியதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. ‘சண்டைக்கு வர உங்களுக்கு வக்கில்லை, இதை வைத்து விளையாடுங்கள்’ என்று பகைவரைச் சீண்டுகிற கேலியாம் அது. உரைகாரர்கள் தரும் விளக்கம். அந்தக் காலத்தில் பந்து பெண்பிள்ளைகளின் விளையாட்டு, கையால் தட்டி ஆடுவது. அதனால் அதைப் பூப்பந்துக்குப் பாட்டியாக்க எனக்குத் துணிவில்லை.

இன்றைய ஆட்டத்துக்குப் பிறந்த வீடு தஞ்சாவூர் என்பார்கள். அங்கே அரச குடும்பத்தார் 1856-இல் ஆடினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த ஆண்டைக் கவனியுங்கள். மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தது 1855-இல். அதைச் சாக்கிட்டுக் கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டார்கள். ஆள நாடு இல்லாத அரண்மனையில் ஆட நேரம் நிறையவே இருந்திருக்கும்!

இனி வெள்ளைக்காரர் பாகத்துக்கு வருவோம். புனேயில் வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகள் ஆடிய இறகுப்பந்து கப்பலேறி இங்கிலாந்து போய், ஒரு பிரபுவின் பேட்மிண்டன் மாளிகையிலிருந்து பெயரைப் பெற்றது. இறகுப்பந்தின் எடை சுமார் 5 கிராம்தான். திறந்த வெளியில் கொஞ்சம் காற்றடித்தாலும் போதும், அடித்தவர் நினைத்த இடத்துக்குப் போகாது. கம்பளிப் பந்தோ 27, 28 கிராம், காற்றுக்கு மசியாது. இறகு ஒடிகிற செலவும் இல்லை. கூரையில்லாத ஊர்களில் அது நிலைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 24 மீட்டருக்கு 12 மீட்டர் மண் தரை, நடுவே வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து தரையைத் தொடுவதற்குள் திருப்பிவிட வேண்டும்.

1954-இல் அகில இந்தியச் சம்மேளனம் வந்தது. 1970-இல் ஜே. பிச்சையா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கினார். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். அணிகளில் இடம்பிடித்து வேலைக்குப் போனவர்களும் உண்டு. கூரைக்குள் போன இறகுப்பந்து 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்க ஆட்டமானது. பூப்பந்துக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில்கூட இன்னும் இடம் கிடைக்கவில்லை. அநியாயம்தான்.

பட்டு விஷயத்துக்கு வருவோம். கம்பளி இழையில் இயற்கையாகவே சுருள் இருக்கிறது. அமுக்கினால் அமுங்கும், விட்டால் பழையபடி எழும்பும். மட்டை நரம்பில் பட்டதும் பந்து எகிறுவது அந்தச் சுருளால்தான். பட்டு இழை வழவழப்பாக, நேராக இருப்பது. அந்தத் துள்ளல் அதற்குக் கிடையாது. அது கிடக்கட்டும், சாயம் ஏற்றிய பட்டை உருட்டி மட்டையால் அடிக்க உங்கள் வீட்டில் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர் விடுவாரா?