கார்டு தேய்த்தால் கதவு திறக்கும், சரி. அப்புறம்?



போன எபிசோடில் ஆக்சஸ் கார்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழக வளாகங்களை ரெண்டே நிமிஷத்தில் கடந்துவிட்டோம். அதற்கு அஜ்மானிலிருந்து ஒரு அண்ணன் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். மகள் பிளஸ் டூ முடிக்கிறாள், அடுத்து சென்னை. "கார்டு இருந்தாத்தான் உள்ளே விடுவாங்க, எல்லா இடத்திலும் கேமரா இருக்குன்னு சொல்றாங்க தம்பி. அது போதுமா?" என்பதுதான் கேள்வி. இங்கே இருக்கும் பாதி வீடுகளில் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கென்றே தனி ஒதுக்கீடு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் இந்தப் பாடத்துக்கு அந்த வளாகத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

2024 டிசம்பர் 23 மாலை, கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். செய்தவன் மாணவன் அல்ல, ஊழியனும் அல்ல. பக்கத்துப் பகுதியில் பிரியாணிக் கடை நடத்திவந்த வெளியாள். போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டியிருக்கிறான். ஏற்கெனவே அவன்மேல் பல வழக்குகள் இருந்ததாகப் போலீஸ் சொன்னது. அந்தப் பெண் தைரியமாகப் புகார் கொடுத்தார், ரெண்டு நாளில் கைது நடந்தது. 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாதபடி ஆயுள் தண்டனை கொடுத்தது. ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில் தீர்ப்பு. நம்ம ஊர் வேகத்துக்கு இது பெரிய விஷயம்.

குற்றத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. நம்ம துறைக்கு இதில் இருக்கும் பாடம் அடுத்து நடந்த ஒன்றில்தான் இருக்கிறது: எஃப்.ஐ.ஆர். கசிந்தது. புகார் கொடுத்தவரின் அடையாளம் தெரியும்படியான எஃப்.ஐ.ஆர். இணையத்தில் பார்க்கக் கிடைத்தது. அங்கிருந்து வாட்ஸ்அப், அங்கிருந்து எல்லா இடமும். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, டிசம்பர் 28 அன்று மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவால் ஏற்பட்ட பாதிப்புக்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது.

எப்படிக் கசிந்தது? கொஞ்சம் பின்னணி தேவை. இந்தியக் காவல் நிலையங்களை இணைக்கும் மென்பொருள் வலையமைப்புக்கு சி.சி.டி.என்.எஸ். என்று பெயர். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று சொன்னது. கூடவே, பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம், போக்சோ போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கும் கொடுத்தது. ஆக, எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரிந்தாக வேண்டும். 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவு எண்கள் எல்லாம் மாறின. பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாற்றியபோது ஏற்பட்ட தொழில்நுட்பச் சிக்கலால் எஃப்.ஐ.ஆர். பூட்டப்படாமல் போயிருக்கலாம் என்று தேசிய தகவலியல் மையம் விளக்கம் சொன்னது.

இதைப் படித்ததும் டேட்டாபேஸ் வேலை செய்கிற யாருக்கும் வயிற்றைப் பிசையும். பாடத்துக்காக ஒரு மாதிரி போட்டுப் பார்ப்போம். "பிரிவு 376 இருந்தால் மறை" என்று ஒரு விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய சட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கான தண்டனைப் பிரிவு 64. புதிய சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுதான், 376 என்ற எண்ணே கிடையாது. பழைய சட்டத்தில் 64 இருந்தது, ஆனால் அது அபராதம் கட்டாதவருக்கான சிறைத்தண்டனை பற்றியது. யாரும் அதை ரகசியப் பட்டியலில் வைத்திருக்க மாட்டார்கள். விதி ஒழுங்காக ஓடும், எர்ரர் வராது, லாக்கில் ஒரு சிவப்பு வரிகூட இருக்காது. ஆனால் எதையும் மறைக்காது. சத்தம் போடாமல் தோற்கிற விதிதான் இருப்பதிலேயே மோசமானது.

இதற்கு மருந்து 1975-லேயே எழுதி வைத்தாகிவிட்டது. சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் எழுதிய கட்டுரையை காலேஜில் செக்யூரிட்டி பேப்பர் எடுத்தவர்கள் படித்திருப்பீர்கள், குறைந்தபட்சம் இரண்டு மார்க் கேள்விக்காகவாவது. அதில் ஒரு கொள்கை: அனுமதி என்பது தனியாகச் சொல்லித்தான் கிடைக்க வேண்டும், எதுவும் சொல்லாவிட்டால் மறுப்பு. அதாவது "இந்தப் பிரிவுகளை மறை" என்று எழுதாமல், "இந்தப் பிரிவுகளை மட்டும் காட்டு" என்று எழுதுவது. பிரிவு எண் மாறினால் என்ன நடக்கும்? திருட்டு வழக்கு எஃப்.ஐ.ஆர்.கூட தெரியாமல் போகும், வக்கீல்கள் கத்துவார்கள், மறுநாள் காலையில் யாராவது சரி செய்வார்கள். தப்பு நடந்தாலும் சத்தத்தோடு நடக்கும். அடையாளத்தை வெளியிடுவது பழைய சட்டத்தில் 228ஏ, புதியதில் 72, ரெண்டிலும் குற்றம்தான். சட்டம் தெளிவாக இருந்தும், அதைக் காப்பாற்ற வேண்டிய மென்பொருள் திசை மாறி நின்றதால் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது முறை காயம்.

ஒரு சின்ன கோபம், சொல்லிவிடுகிறேன். இங்கே ஷேக் சாயித் ரோட்டில் விபத்து நடந்தால் நம்ம ஆட்கள் போனைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். அடுத்தவர் படத்தைப் பகிர்ந்தால் 2021-இன் 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டம் பாயும் என்று பயம். அதே ஆட்கள் அந்த எஃப்.ஐ.ஆர்.ஐ ஊர் குரூப்பில் "அதிர்ச்சி" என்று தலைப்பு போட்டு ஃபார்வர்டு செய்தார்கள். அது ஊரிலும் குற்றம்தான், பாஸ்.

சரி, கதவுக்கு வருவோம். வளாக அட்டை வேலைகள் நான் இங்கே கான்ட்ராக்ட்டில் நிறைய பார்த்திருக்கிறேன். அட்டை என்பது ஆள் இல்லை, ஒரு எண். அந்த எண்ணை ரீடர் எப்படிக் கேட்கிறது என்பதில்தான் விஷயம். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகள் கேட்டவுடன் எண்ணைச் சொல்லிவிடும். நகல் எடுக்கச் சாவிக்கடை போதும். அதற்கு அடுத்த தலைமுறையில் உலகம் முழுக்கப் பரவியது மைஃபேர் கிளாசிக். அதன் ரகசிய முறையை 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளாட்ஸ் இருவரும் பிரித்து மேய்ந்தார்கள். சாவி வெறும் 48 பிட். அடுத்த வருடம் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழுத் தாக்குதலையும் எழுதினார்கள். சிப் கம்பெனியான என்.எக்ஸ்.பி. வெளியீட்டைத் தடுக்க கோர்ட்டுக்குப் போனது. 2008 ஜூலையில் கோர்ட் மறுத்துவிட்டது. இவ்வளவு நடந்தும் இன்றைக்கும் அந்த அட்டைகள் புழக்கத்தில் இருக்கின்றன. இன்னும் கொடுமை, நல்ல அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, ரீடரை வெறும் சீரியல் எண்ணை மட்டும் படிக்கும்படி செட் பண்ணியிருப்பார்கள். புது ஆட்டோவில் பழைய மீட்டர் மாதிரி.

ஆனாலும் உண்மையைச் சொல்லணும்னா, வளாகத்துக்குள் நுழைய அட்டையை நகல் எடுக்கிற அளவுக்கு யாரும் சிரமப்படுவதில்லை. 1986 ஏப்ரலில் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்டார். கொலையாளி தாண்டி வந்த கதவுகள் எல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள். பீட்சா பெட்டிகளை இடுக்கில் செருகித் திறந்து வைத்திருந்தார்கள். அவருடைய பெற்றோர் போராடி 1990-இல் ஒரு சட்டமே வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

பீட்சா பெட்டிக்கு இங்கே பதில் தீயணைப்பு சிலிண்டர். நான் வேலை பார்த்த ஒரு வளாகத்தில், பேர் வேண்டாம், விடுதியின் பின்கதவை அந்த சிவப்பு சிலிண்டரால் முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். டெலிவரி பையன் வெயிலில் நிற்க வேண்டாம் என்ற நல்ல மனசுதான். கதவு 30 செகண்டுக்கு மேல் திறந்திருந்தால் கன்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்கணும். அடித்தது, ஒரு நாளைக்கு நூறு தடவை. கடைசியில் சத்தத்தை அணைத்துவிட்டார்கள். சிஸ்டம் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை. அந்த நூறு அலாரத்தில் தொண்ணூறு ஒரே கதவிலிருந்து வருகிறது என்று ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும். டெலிவரிக்கு வாசலில் ஒரு நிழற்கூடம் போட்டதும் அலாரம் நின்றது. செலவு தகரமும் நாலு கம்பியும்.

கேமராவும் அப்படித்தான். துபாயில் பாதுகாப்புத் துறையை ஒழுங்குபடுத்தும் சிரா என்ற அமைப்பு, பதிவுகளை 31 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஏன் நாள் கணக்கு? புகார் உடனே வராது. பயந்துபோன பிள்ளை வீட்டில் சொல்லவே ரெண்டு வாரம் ஆகலாம். அதனால் கல்லூரியில் "எத்தனை கேமரா" என்று கேட்காதீர்கள். பதிவு எத்தனை நாள் இருக்கும், ரெக்கார்டரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா, இருட்டான பாதைகளில் விளக்கு எரிகிறதா, கேமரா செத்துப்போனால் யாருக்கு முதலில் தெரியும், இதைக் கேளுங்கள். அட்மிஷன் டெஸ்க்கில் பதில் கிடைக்காது, வார்டனிடம் கேளுங்கள். பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சட்டப்படி அது இருந்தே ஆகணும்.

இன்னொரு சோதனை சுலபமானது. சேர்ந்த முதல் வாரத்தில், கார்டு தொலைந்தால் எங்கே சொல்லணும், எவ்வளவு நேரத்தில் முடக்குவாங்க என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். "திங்கள்கிழமை ஆபீஸுக்கு வாம்மா" என்று பதில் வந்தால், அந்தக் கார்டை யார் எடுத்தாலும் வார இறுதி முழுக்கக் கதவு திறக்கும்.

திருட்டு பற்றிக் கொஞ்சம். நம்ம பிள்ளைகள் இங்கே வளர்ந்ததில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கஃபேயில் இடம் பிடிக்க லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு ஆர்டர் கொடுக்கப் போவது. சென்னையில் மட்டுமில்லை, லண்டன், மெல்போர்ன் எங்கேயும் அது வேலைக்கு ஆகாது. லேப்டாப் போனால் பணம் போகும், பரவாயில்லை. உள்ளே இருப்பதுதான் வினை. 2005 மார்ச்சில் பெர்க்லி பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு லேப்டாப் திருடுபோனது. அதில் 98,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் இருந்தது, டிஸ்க் என்க்ரிப்ட் செய்யப்படவில்லை. இன்றைக்கு விண்டோஸிலும் மேக்கிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கு. ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ரெக்கவரி கீயை உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

போனுக்கு, இங்கே வாங்கியதாக இருந்தாலும், *#06# அடித்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்களை (ரெண்டு சிம் என்றால் ரெண்டு எண்) பில்லோடு சேர்த்து போட்டோ எடுத்து உங்கள் போனில் வையுங்கள், பிள்ளையின் போனில் இல்லை. இந்தியாவில் 2023 மே மாதத்திலிருந்து சஞ்சார் சாத்தி தளம் நாடு முழுக்க இருக்கிறது. போலீஸில் புகார் கொடுத்து, அதன் விவரத்தோடு அங்கே பதிவு செய்தால் எந்த நெட்வொர்க்கிலும் அந்த போன் வேலை செய்யாதபடி முடக்குவார்கள். அதற்கு ஓ.டி.பி. வரணும், அதனால் முதலில் டூப்ளிகேட் சிம் வாங்க வேண்டியிருக்கும். சிம் உங்கள் பேரில் இருந்து நீங்கள் அஜ்மானில் இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அண்ணே, ஊருக்குப் போகும்போது சிம்மை மகள் பேரிலேயே, அவள் ஆதாரிலேயே வாங்கிவிடுங்கள்.