மகள் நீட் எழுதப் போகிறாள்: கடைசி மாதங்களை வீட்டில் எப்படித் திட்டமிடலாம்?



நம் குழுக்களில் பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் கேட்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் "பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்றா, நீட் எழுதணுமாம், என்ன செய்யறதுன்னே தெரியலை" என்று சொல்லும் அம்மாக்களையும் கூட்டங்களில் பார்க்கிறோம். அவர்களுக்காகத்தான் இந்த மாதப் பாடம். நீட் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். எழுதப் போகிற பிள்ளைக்குக் கடைசி மாதங்களில் வீடு என்ன செய்ய முடியும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த மாதங்களில் பிள்ளைக்கு மிகவும் தேவைப்படுவது பணம் அல்ல, நேரம். இடையில் யாரும் கூப்பிடாத, வேலை ஏவாத நேரம். அதைக் கொடுக்க நம்மால் முடியும்.

தேர்வைப் பற்றித் தெரிந்துகொள்வோம்

தமிழ்நாட்டில் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவப் படிப்பில் சேர்த்தார்கள். 2017 முதல் நீட் மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள்.

2025ல் இந்தத் தேர்வு மே 4, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடந்தது. கேள்விகள் 180. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பார்கள். எழுதாமல் விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. தமிழிலும் எழுதலாம். விண்ணப்பிக்கும்போதே மொழியைக் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் விதிகளில் சிறு மாற்றம் வரலாம். அந்த ஆண்டின் அறிவிப்பைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மொத்த மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு. புத்தகத்தை வரி விடாமல் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய பலம். இரண்டு, தெரிந்த கேள்வியை அவசரத்தில் தப்பாக எழுதினால் நஷ்டம் 1 மதிப்பெண் அல்ல. வர வேண்டிய 4ம் போய், மேலே 1ம் போகும். ஆக 5. இப்படிப் பத்துக் கேள்வி தவறினால் 50 மதிப்பெண் போய்விடும். அதனால் கடைசி மாதங்களில் புதிது புதிதாகப் படிப்பதைவிட, படித்ததைத் தவறில்லாமல் எழுதப் பழகுவதே முக்கியம்.

காலத்தை மூன்றாகப் பிரிப்போம்

முதல் கட்டம்: ஜனவரி, பிப்ரவரி. செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று பள்ளி வேலையே நிறைய இருக்கும். நீட்டுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த நேரத்தில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நீட்டில் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடமும் வரும். பதினொன்றை மறந்துவிட்டால் பின்னால் கஷ்டம்.

இரண்டாம் கட்டம்: மார்ச். பிளஸ் டூ பொதுத்தேர்வு மட்டும். "எப்படியும் நீட்தானே" என்று பொதுத்தேர்வை விட்டுவிடக் கூடாது. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., கால்நடை மருத்துவம், வேளாண்மை ஆகிய படிப்புகளுக்குத் தமிழக அரசு நடத்தும் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடந்துவருகிறது. அந்தக் கதவுகளை நாமே சாத்திவிட வேண்டாம்.

மூன்றாம் கட்டம்: பொதுத்தேர்வு முடிந்தபின் வருகிற நாட்கள். 2025ல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 25ல் முடிந்தது. நீட் மே 4. நடுவில் கிடைத்தது 40 நாள். இந்த 40 நாளை 20, 15, 5 என்று பிரித்துக்கொள்ளலாம்.

முதல் 20 நாள்: திருப்பிப் படித்தல்

எல்லாப் பாடங்களின் பெயரையும் மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நன்றாகத் தெரிந்தது, பாதி தெரிந்தது, தெரியவே தெரியாதது. முதலில் எதை எடுப்பது? கிணற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது நாம் எந்த வயலுக்குப் பாய்ச்சுவோம்? பால் பிடிக்கிற பயிருக்குத்தானே? அதேபோல் பாதி தெரிந்த பாடத்துக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். கொஞ்சம் உழைத்தாலே மதிப்பெண் தருவது அதுதான். நன்றாகத் தெரிந்ததை ஒருமுறை புரட்டினால் போதும். தெரியவே தெரியாத பாடத்தில் சுலபமான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உயிரியல் தினமும் இருக்க வேண்டும். இயற்பியல் கணக்குகளை விடியற்காலையில் போட்டுப் பழகலாம். பள்ளிப் புத்தகத்தோடு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தையும் வைத்துப் படிப்பது நல்லது. நீட் பாடத்திட்டம் அதை ஒட்டியே இருக்கிறது.

அடுத்த 15 நாள்: எழுதிப் பார்த்தல்

ஒருநாள் விட்டு ஒருநாள் முழுத் தேர்வு எழுத வேண்டும். அதுவும் பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணிவரை. ஏன் அந்த நேரம்? சித்திரை வெயிலில், சாப்பிட்டபின் கண் சொருகுகிற நேரம் அது. தேர்வு நடக்கிற நேரத்திலேயே மூளை விழித்திருக்கப் பழக வேண்டும்.

முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் விடைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுக்கிற செலவுதான். ஒரு குறிப்பு: 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180க்கு விடை எழுதச் சொன்னார்கள். 2025ல் பழையபடி 180 கேள்விதான், எல்லாவற்றுக்கும் எழுதலாம். மேலும், 2024 தேர்விலிருந்து பாடத்திட்டத்தில் சில பகுதிகளை நீக்கிவிட்டார்கள். பழைய வினாத்தாளில் அவை வந்தால் ஆசிரியரிடம் கேட்டு அடித்துவிடுங்கள்.

விடைகளை ஓ.எம்.ஆர். தாள் மாதிரியில் வட்டம் நிரப்பியே பழகணும். வட்டம் நிரப்பவும் நேரம் பிடிக்கும். ஒரு வரிசை மாறிப்போனால் அடுத்தடுத்து எல்லாமே தப்பாகும்.

தேர்வு எழுதாத நாள் தவறுகளைப் பார்க்கிற நாள். ஒவ்வொரு தவறையும் மூன்று பத்தியில் எழுத வேண்டும்: தெரியாதது, மறந்தது, அவசரத்தில் விட்டது. மூன்றாவது பத்தி நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள். அது குறைந்தால் பிள்ளை முன்னேறுகிறாள் என்று அர்த்தம். மொத்த மதிப்பெண் ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கடைசி 5 நாள்: அமைதி

புதிய பாடம் வேண்டாம். புதிய புத்தகம் வேண்டாம். எழுதிவைத்த குறிப்பு, சூத்திரம், படங்கள், தவறு நோட்டு, இவை போதும். இரவு 10 மணிக்குத் தூங்கி 5 மணிக்கு எழ வேண்டும். தூக்கத்தைக் கெடுத்துப் படித்தால் படித்தது நிற்காது.

வீட்டில் நம் பங்கு

ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். டாக்டர் படிப்புக்கு நான் என்னத்தைச் சொல்லித்தர?" பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர் சொன்னார்: "நீ சொல்லித்தர வேணாம் தாயி. அது சொல்றதை உக்காந்து கேளு, போதும்."

இது உண்மையிலேயே நல்ல வழி. இரவில் கால் மணி நேரம் மகளை உட்கார வைத்து, "இரத்தம் எப்படிம்மா ஓடுது? கரு எப்படி வளருது?" என்று கேளுங்கள். நமக்குப் புரிகிற மாதிரி அவள் சொல்லிவிட்டால் அந்தப் பாடம் அவளுக்கு வந்துவிட்டது. எங்கே தடுமாறுகிறாளோ அங்கே திரும்பப் படிக்கணும்.

அடுத்தது வீட்டு வேலை. பெண் பிள்ளை என்றால் தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் அவள் தலையில்தான். ஒரு நாளில் இந்த வேலைகளுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கூட்டிப் பாருங்கள். தினமும் 3 மணி நேரம் என்று வைத்தால் 40 நாளில் 120 மணி நேரம். அத்தனையும் படிப்பு நேரம்! இந்த வேலையை அம்மா ஒருத்தியே இழுத்துப்போட்டுச் செய்யணும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்பா தண்ணீர் பிடிக்கலாம். தம்பி பாத்திரம் கழுவலாம். மகள் எழுதுவது வீட்டின் தேர்வு என்றால் வேலையையும் வீடே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் அரை மணி நேரம் அவளும் நடமாடி ஏதாவது செய்யட்டும், உடம்புக்கு நல்லது.

சித்திரை மாதம் திருவிழாவும் கல்யாணமும் வரும். யார் போவது, யார் வீட்டில் இருப்பது என்று முன்பே பேசிவையுங்கள். சொந்தக்காரர்கள் வந்து "எவ்வளவு மார்க் வரும்?" என்று கேட்டால் பதிலை நீங்களே சொல்லி அனுப்புங்கள். அந்தக் கேள்வி பிள்ளை காதுக்குப் போக வேண்டாம்.

கேழ்வரகுக் கூழ், மோர், கீரை, முட்டை என்று வழக்கமான சாப்பாடே போதும். பள்ளியில் கொடுத்த வார இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். இரத்தசோகை இருந்தால் எவ்வளவு தூங்கினாலும் சோர்வு போகாது. தேர்வு நாளில் மாதவிலக்கு வரலாம் என்று தோன்றினால் நாப்கினை முன்பே தயாராக வையுங்கள். இதைப் பேச வெட்கப்பட வேண்டாம்.

காகித வேலைகள்

விண்ணப்பம் பெரும்பாலும் பொதுத்தேர்வுக்கு முன்பே வந்துவிடும். 2025ல் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. கட்டணம் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி. பிரிவுக்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 1,000.

- விண்ணப்பத்தில் உங்கள் வீட்டுக் கைபேசி எண்ணையே கொடுங்கள். கம்ப்யூட்டர் சென்டர்காரர் எண்ணைக் கொடுத்தால் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும்.
- ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.
- சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, ஓ.பி.சி. சான்று ஆகியவற்றில் இல்லாததற்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.
- 6 முதல் 12ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2020ம் ஆண்டுச் சட்டப்படி, மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் தனியாக உண்டு. படித்த எல்லாப் பள்ளிகளிலிருந்தும் அதற்கான சான்று வாங்கி வையுங்கள்.

தேர்வு நாளில் நுழைவுச்சீட்டு, அடையாள அட்டை, புகைப்படம் அவசியம். 2025ல் 1.30 மணிக்கு வாசலை மூடினார்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் உள்ளே விடுவதில்லை. நகை, முழுக்கைச் சட்டை, ஷூ வேண்டாம். சாதாரணச் செருப்பு போதும். பேனா அங்கேயே கொடுப்பார்கள்.

கடன் வாங்கும் முன்

பொதுத்தேர்வு முடிந்ததும் "கடைசி மாதப் பயிற்சி" என்று விளம்பரங்கள் வரும். நகையை அடகு வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தமிழில் பாடம் நடத்துவார்களா? போய்வர தினமும் எத்தனை மணி நேரம் ஆகும்? தவணை எத்தனை மாதம் கட்டணும்? நல்ல பயிற்சி என்றால் சேர்க்கலாம். ஆனால் 40 நாளில் தினமும் 4 மணி நேரம் பேருந்தில் போனால் மிச்சம் என்ன இருக்கும்? முதலில் தலைமை ஆசிரியரிடம் இலவசப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். "உனக்காகத்தான் இவ்வளவு கடன்" என்ற சொல்லை மட்டும் பிள்ளையிடம் சொல்லவே கூடாது. அந்தப் பாரத்தோடு எந்தப் பிள்ளையும் நிம்மதியாக எழுத முடியாது.

முடிவு எதுவானாலும்

நீட்டில் தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. தகுதி பெற்றும் இடம் கிடைக்காதவர்கள் நிறையப் பேர். இது ஒரே வாய்ப்பும் அல்ல. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2022 முதல் மேல் வயது வரம்பும் இல்லை.

தேர்வுக்கு முன்போ, முடிவு வந்த நாளிலோ பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தால் தனியே விடாதீர்கள். "நான் இருந்து என்ன பயன்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் மிரட்டவும் வேண்டாம், விளையாட்டு என்று விடவும் வேண்டாம். 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். நமக்கு டாக்டர் வேண்டும்தான். அதைவிட நம் பிள்ளை வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்

1. நம் குழுவில் யார் வீட்டுப் பிள்ளை இந்த ஆண்டு நீட் எழுதுகிறாள்?
2. அவள் பிற்பகல் 2 முதல் 5 வரை அமைதியாக உட்கார்ந்து எழுத, மின்விசிறி உள்ள இடம் எது? உறுப்பினர் வீடா, ஊர் நூலகமா, கூட்டமைப்புக் கட்டிடமா?
3. விண்ணப்பக் கட்டணத்துக்கும் வினாத்தாள் அச்செடுக்கவும் உள்கடன் தர முடியுமா?
4. தேர்வு மையத்துக்கு வண்டி, துணைக்கு ஆள் யார்?
5. அந்த 40 நாளில் அவள் வீட்டு வேலையை யார் யார் பங்கிட்டுக்கொள்வது?