கையெழுத்துக்காகக் காத்திருந்த விமானம்

வாசிக்கும் முன்: விமானம் தாமதமானால் யார்மீது கோபப்படுவோம்? இப்பகுதியை வாசித்த பிறகு, உங்கள் எண்ணம் மாறியதா என்று நண்பருடன் கலந்துரையாடுங்கள்.

செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில், அங்குள்ள கப்பல் பட்டறையில் நான்கு இளைஞர்கள் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஒருவர் ஃபிட்டர், அதாவது இயந்திரப் பாகங்களைக் கழற்றிப் பொருத்துபவர். இன்னொருவர் வெல்டர். மூன்றாமவர் எலக்ட்ரீஷியன். நான்காமவர் அலுவலகத்தில் கிராணி. நால்வரும் அப்போதுதான் இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

1968ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தன் படைகளை 1971க்குள் சிங்கப்பூரிலிருந்து மீட்டுக்கொள்ளப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. அன்றைய சிங்கப்பூர்ப் பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களை நம்பியிருந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் கவலையில் ஆழ்ந்தன. கடற்படையின் கப்பல் பட்டறை வணிக நிறுவனமாக மாற்றப்பட்டது. ஃபிட்டருக்கு அங்கேயே வேலை தொடர்ந்தது. மற்ற மூவரும் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, நகரின் கிழக்கே உள்ள ஈஸ்ட்ஹாம் வட்டாரத்தில் தங்கிவிட்டார்கள். முதலில் கடிதம், பிறகு தொலைபேசி, இப்போது காணொளி அழைப்பு என்று அவர்களின் நட்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

சென்ற ஜூன் விடுமுறையில், உயர்நிலை மூன்றில் படிக்கும் தம் பேத்தியை அழைத்துக்கொண்டு அந்த ஃபிட்டர் லண்டனுக்குப் புறப்பட்டார். அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வெல்டர் ஈஸ்ட்ஹாம் வீட்டைக் காலிசெய்துவிட்டு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வசிக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறார். சனிக்கிழமை மாலை நான்கரை மணி ரயிலுக்குப் பயணச்சீட்டும் வாங்கியாகிவிட்டது. எனவே, அன்று மதியம் ஒரு மணிக்கு நால்வரும் கிராணியின் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவதென முடிவாகியிருந்தது. நால்வரும் ஒரே மேசையில் உட்கார இனி எப்போது வாய்க்குமோ?

விமானம் சாங்கியிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு 11.30 மணிக்குப் புறப்பட வேண்டும். லண்டன் செல்லப் பதினான்கு மணி நேரம் பிடிக்கும். கோடைக்காலத்தில் லண்டன் நேரம் நம்மைவிட ஏழு மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகவே, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடலாம். குளித்து, சற்று ஓய்வெடுத்துக்கொண்டு விருந்துக்குப் போகப் போதுமான நேரம் இருந்தது.

பயணிகள் அனைவரும் அமர்ந்து இருக்கைவாரும் அணிந்துவிட்டார்கள். ஆனால் விமானம் நகரவில்லை. பன்னிரண்டு மணி ஆயிற்று. இடப்பக்கச் சக்கரத்தின் அருகே கசிவு இருப்பதாகத் தலைமை விமானி அறிவித்தார். ஒரு மணிக்கு எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். புறப்பாட்டு வாயிலில் முணுமுணுப்பு கூச்சலாக மாறியது. ஒருவர் முகப்பு மேசையைத் தட்டி, அங்கு நின்ற இளம் பணியாளரை ஏசினார். வேறு விமானம் கொண்டுவரச் சொல்லி இன்னொருவர் அதட்டினார். அந்தப் பணியாளரோ, தமக்குத் தெரிந்த இரண்டே வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், சக்கரத்தில் கசிந்ததற்கு அவர் என்ன செய்வார்?

"ஒரு சின்னக் கசிவுக்காக இவ்வளவு நேரமா, தாத்தா?" என்று பேத்தி சலித்துக்கொண்டாள்.

தாத்தா கண்ணாடிச் சுவரருகே போய் நின்றார். கீழே, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பொறியாளர்கள் சக்கரத்தின் அடியில் மண்டியிட்டிருந்தார்கள். ஒருவர் கையில் துணி இருந்தது. அவர் கசிந்த இடத்தைத் துடைத்துவிட்டு, மீண்டும் கசிகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துடைத்துவிட்டுப் போகாமல் காத்திருந்து பார்க்கிறார், நல்ல ஆள்," என்றார் தாத்தா.

அவருக்கு அந்தத் துணி பழைய நினைவு ஒன்றைக் கிளறிவிட்டது. கப்பல் பட்டறையில் ஒருநாள், பழுதுபார்த்த கப்பலின் பம்பு ஒன்றில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் ஒழுகியது. கப்பல் மாலையில் புறப்பட வேண்டும். "துணியால் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடு," என்று மேற்பார்வையாளர் நெருக்கினார். ஃபிட்டர் தயங்கினார். பக்கத்தில் நின்ற வெல்டரோ, "இந்தக் குழாயை மறுபடியும் பற்றவைக்காமல் நான் நகரமாட்டேன்," என்று சொல்லிவிட்டார். கப்பல் அரை நாள் தாமதமாகக் கிளம்பியது. இருவருக்கும் நல்ல வசவு கிடைத்தது. கப்பலில் இருந்தவர்கள் யாருக்கும் அந்தக் குழாயைப் பற்றித் தெரியவே தெரியாது.

விமானத்திலும் இதே கையெழுத்து உண்டு. சக்கரத்தை ஏற்றி இறக்குவது, பிரேக் பிடிப்பது, இறக்கைத் தகடுகளை அசைப்பது போன்ற கடினமான வேலைகளை அழுத்தம் ஏற்றப்பட்ட ஒருவகைத் திரவமே செய்கிறது. பல விமானங்களில் அந்த அழுத்தம், காரின் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அதனால், தரையில் சொட்டாகத் தெரிவது வானத்திலும் சொட்டாகவே இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

அதற்காக, எந்தப் பழுது இருந்தாலும் விமானம் பறக்கக்கூடாது என்பதில்லை. எவை பழுதானாலும் பறக்கலாம், எத்தனை நாளுக்குள் அவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்பதை வரையறுக்கும் பட்டியல் ஒவ்வொரு விமான வகைக்கும் இருக்கிறது. வாசிப்பு விளக்கு எரியாவிட்டாலோ காப்பி இயந்திரம் வேலை செய்யாவிட்டாலோ விமானம் கிளம்பிவிடும். அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிய கசிவு அப்படிப்பட்டதன்று. பழுது நீங்கியதும், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல், பயணிகள் எத்தனை பேர் மேசையைத் தட்டினாலும் விமானம் நகராது.

அதிகாலை மூன்றரை மணிக்குப் பொறியாளர் கையெழுத்திட்டார். பயணிகள் கைதட்டினார்கள். ஆனால் அடுத்த அறிவிப்பு எல்லாரையும் திகைக்க வைத்தது. விமானிகளின் பணி நேரம் போதாதாம்! மாற்றுக் குழுவினர் வந்த பிறகு, நண்பகல் 12 மணிக்குத்தான் விமானம் புறப்படுமாம்.

பலருக்கும் புரியாத இடம் இதுதான். நெடுந்தொலைவு விமானங்களில் வழக்கமாகக் கூடுதல் விமானிகள் செல்வார்கள். மாறிமாறிப் படுத்து ஓய்வெடுப்பார்கள். இருந்தாலும், அவர்களுடைய பணி நேரம் விமானம் மேலெழும்பும்போது தொடங்குவதில்லை. வேலைக்கு வந்து பதிவுசெய்த நிமிடத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. தரையில் வீணான நான்கு மணி நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். எதிர்பாராத சூழலில் அதைச் சற்று நீட்டிக்கத் தலைமை விமானிக்கு இடமுண்டு. அதற்கும் ஓர் எல்லை உண்டு. "எனக்குக் களைப்பில்லை, நான் ஓட்டுகிறேன்," என்று அவரே முன்வந்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. களைத்த மனிதருக்குத் தம் களைப்பின் அளவு சரியாகத் தெரிவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 49 பேரும், தரையில் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். எச்சரிக்கை எழுந்தபோது விமானி தவறாகச் செயல்பட்டதே முதன்மைக் காரணம் என்று விசாரணை கூறியது. விமானிகள் போதிய உறக்கமின்றிப் பணிக்கு வந்திருந்ததும் அதில் தெரியவந்தது. உயிரிழந்தவர்களின் குடும்பத்தார் ஓயாமல் போராடினார்கள். அதன் விளைவாக, விமானிகளின் பணி நேரத்தையும் ஓய்வையும் பற்றிய கடுமையான விதிகள் 2014இல் அமெரிக்காவில் நடப்புக்கு வந்தன.

தாத்தா கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டார். நண்பகலில் புறப்பட்டால் லண்டனை அடையும்போது சனிக்கிழமை இரவு ஏழு மணி. விருந்து முடிந்திருக்கும். நான்கரை மணி ரயிலும் போயிருக்கும். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வெல்டரை அழைத்தார். லண்டனில் அப்போது இரவு ஒன்பது மணி.

"சக்கரத்தில் ஒழுகல். நாளை மதியம்தான் கிளம்பும். நீ ரயிலை விட்டுவிடாதே, மகன் காத்திருப்பான்," என்றார். குரல் இலேசாகத் தழுதழுத்தது. மறுமுனையிலிருந்து என்ன பதில் வந்ததோ, பேத்திக்குக் கேட்கவில்லை.

அவள் எழுந்துபோய், விமான நிறுவனம் கொடுத்த உணவுப் பற்றுச்சீட்டுகளைக் காட்டி, இரண்டு தேநீரும் காயா ரொட்டியும் வாங்கி வந்தாள். வரும் வழியில் முகப்பு மேசையில் நின்ற பணியாளரைப் பார்த்தாள். இரவு முழுவதும் அவர் உட்காரவே இல்லை. தன் தேநீரை அவரிடம் நீட்டினாள். அவர் மறுத்தார். அவள் அதை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். பிறகு, கைத்தொலைபேசியில் லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்குச் செல்லும் ரயில்களைத் தேடத் தொடங்கினாள்.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் ஈஸ்ட்ஹாமில் மூன்று பேர் சேர்ந்து, சூடாக்கிய பிரியாணியைச் சாப்பிட்டார்கள். எலக்ட்ரீஷியனும் கிராணியும் ஆளுக்கொரு பக்கம் ஃபிட்டரின் தட்டில் பரிமாறிக்கொண்டே இருந்தார்கள். நான்காவது நாற்காலியில் பேத்தி உட்கார்ந்திருந்தாள். வெல்டரின் பங்கைக் கிராணி ஏற்கெனவே கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, தாத்தாவும் பேத்தியும் யூஸ்டன் நிலையத்தில் கிளாஸ்கோ ரயில் ஏறினார்கள். நான்கரை மணி நேரப் பயணம். நடுவழியில் சமிக்ஞைக் கோளாறு என்று ரயில் இருபத்தைந்து நிமிடம் நின்றது. பேத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். தாத்தா ஜன்னலோரம் தலைசாய்த்து நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

கிளாஸ்கோ நிலையத்தில், ஜூன் மாதத்திலும் கம்பளித் தொப்பி அணிந்த ஒரு முதியவர் ஊன்றுகோலுடன் நின்றிருந்தார். தாத்தாவைப் பார்த்ததும் அவர் கட்டியணைக்கவில்லை, நலமும் விசாரிக்கவில்லை.

"ஒழுகலைச் சரிசெய்தார்களா, இல்லை துணியால் துடைத்துவிட்டு அனுப்பினார்களா?" என்று கேட்டார்.