அட்டை குத்துவதற்கு முன்



தம்பி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகப் போய்ப் பழைய சேலைகளை ஸ்கேன் எடுப்பதாக எழுதியிருந்தாய். நல்ல வேலை. எழுபது வருசச் சேலை மடிப்பிலேயே இற்றுவிடும். போன மாதம் ஒரு முந்தானையைப் பிரித்தேன். ஜரிகை கையில் நின்றது, பட்டு பொடியாக உதிர்ந்தது. அதனால் சீக்கிரம் எடு. ஆனால் கோப்புகளைக் கேட்கும் கம்பெனியின் காகிதத்தில் 'சகல உரிமைகளும்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் இப்போது கையெழுத்துப் போடாதே.

நம் சேலைகளில் வரும் கைலாசநாதர் கோயில் யாளிக்கு வயது 1,300. கட்டியவன் ராஜசிம்மன், செதுக்கியவன் பெயர் தெரியாது. மயில்கண், ருத்ராட்ச டிசைன்களும் அப்படித்தான். இவை யாருக்கும் தனிச் சொத்தல்ல. ஸ்கேன் எடுத்ததால் உனக்கும் சொந்தமாகாது, காசு கொடுத்ததால் கம்பெனிக்கும் ஆகாது. வெறும் உழைப்பு போதாது, துளியாவது படைப்பு வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வழக்கு தீர்ப்புத் தொகுப்புகளைப் பற்றியது. நமக்கும் பொருந்தும் என்பது என் கணிப்பு.

நீயே புதிதாகக் கட்டத்தாளில் போடும் டிசைன் வேறு கதை. 1957 காப்புரிமைச் சட்டப்படி படைத்தவன் ஆயுளோடு 60 வருசம் காப்புரிமை என்று எல்லோரும் சொல்வார்கள். 15-ஆம் பிரிவை யாரும் சொல்ல மாட்டார்கள். துணியில் ஏறும் டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் எடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கைத்தறி அதில் சேருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நீ 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதிவு செய்துவிடு. 10 வருசம், கேட்டால் இன்னும் 5. பதிவுக்கு விண்ணப்பிக்கும்வரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூடப் போடாதே. வெளியே தெரிந்த டிசைன் புதியதல்ல என்று தள்ளிவிடுவார்கள்.

நான் பட்டவன். ஆசையாய் வரைந்த ஒரு கரையை, தறிக்கான ஜக்கார்டு அட்டை குத்தும் முன்பே ஒரு கடையில் காட்டினேன். கடை பெயர் வேண்டாம். அடுத்த தீபாவளிக்கு அது வேறு ஊர் விசைத்தறியில் ஓடியது. 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது, சந்தோஷம். ஆனால் அது காப்பது பெயரை, பூவையோ கரையையோ அல்ல.

1948-இன் மனித உரிமைப் பிரகடனத்தில் 27-ஆம் பிரிவைப் படித்துப் பார். பண்பாட்டில் பங்குகொள்ள எல்லோருக்கும் உரிமை, படைத்தவனுக்குத் தன் படைப்பின்மேல் பாதுகாப்பு. இரண்டும் ஒரே பிரிவில். எனக்கு அது கோர்வை மாதிரி: உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா, தறி ஒன்று. ஆகவே பழைய கோப்புகளை எந்த நெசவாளியும் எடுத்து நெய்யலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல். புதியதற்கு உன் பெயர் வரட்டும். விற்றபின்னும் 'வரைந்தவன் நான்' என்று சொல்ல 1957 சட்டத்தின் 57-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

நீ அனுப்பிய கோப்பு ஒன்றின் பெயர் வெறும் 'பார்டர் 14'. நெய்தவர் யார் என்று அந்த வீட்டு ஆயாவுக்குத் தெரியும். இந்த வாரமே போய்க் கேட்டு எழுதி வா. ஆயாவுக்கு 86 ஆகிறது.