மாட்டுக்கு வயிறு உப்பினால்

குதிரைக்கு வயிற்றுவலி குடலில் வரும். மாடு, ஆட்டுக்குப் பெருவயிற்றில் காற்று அடைபட்டும் வரும். இடது விலாவுக்குப் பின்னால் பறைபோல் உப்பும். இதில் இரண்டு வகை.

மழைக்குப்பின் செம்பனைத் தோட்டத்தில் தழைக்கும் பயறு இனக் கொடிகளை வயிறு முட்டத் தின்றால், காற்று நுரையாகிவிடும், ஏப்பம் வராது. மாட்டுக்குக் கால் லிட்டர், ஆட்டுக்கு 50 மில்லி சமையல் எண்ணெயை, தலையை அதிகம் தூக்காமல், மெதுவாகப் புகட்டுங்கள். முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள்.

நம் பீடோர் கொய்யாவை முழுதாக விழுங்கி, அது தொண்டையில் சிக்கினாலும் வயிறு உப்பும். எச்சில் ஒழுகும், கழுத்தை நீட்டும். இதற்கு எண்ணெய் புகட்டவே கூடாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மூச்சுத் திணறினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.