திருக்கழுக்குன்றம்

மலையூர் என்றதும் நம்முள் பலருக்கு உதகமண்டலமும் கோடைக்கானலுமே நினைவிற்கு வரும். குளிர்ந்த காற்றையும் பசுஞ்சோலைகளையும் நாடிச் செல்வோர்க்கு அவை ஏற்ற இடங்களே. ஆயினும், வானளாவிய உயரமும் பனிமூட்டமும் இன்றி, வரலாற்றினாலேயே உயர்ந்து நிற்கும் மலையூர்களும் நம் நாட்டில் உண்டு. அவற்றுள் ஒன்று திருக்கழுக்குன்றம்.

செங்கற்பட்டிலிருந்து கீழ்த்திசை நோக்கி மாமல்லபுரம் செல்லும் சாலையில், ஏறத்தாழ நடுவழியில் இவ்வூர் அமைந்துள்ளது. இருபுறமும் ஏரிகளும் நெல்வயல்களும் பரந்து கிடக்க, அவற்றின் நடுவே கரும்பாறைகளாலாகிய குன்று ஒன்று எழுந்து நிற்கும். அதன் உச்சியில் ஒரு கோயில். அடியில் மற்றொரு கோயில். இரண்டையும் சூழ்ந்து ஒரு சிற்றூர். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண விரைந்து செல்வோர் பலர் இக்குன்றை ஊர்தியிலிருந்தவாறே பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனர். அரை நாள் தங்கிச் செல்வோர்க்கு இவ்வூர் கூறும் செய்திகளோ பல.

பெயர்க் காரணம்

கழுகுகள் வந்து வழிபட்ட குன்று ஆதலால் இது கழுகுக்குன்றம் எனப் பெயர் பெற்றது. அப்பெயரே கழுக்குன்றம் என மருவிற்று என்பர். வடமொழியில் இதனைப் பட்சி தீர்த்தம் என்றும் வேதகிரி என்றும் வழங்குவர். நான்கு வேதங்களும் இங்கு மலை வடிவு கொண்டன என்பது புராணம். அதனால் மலைக்கோயில் இறைவனுக்கு வேதகிரீசுவரர் என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வூர் உலகளந்த சோழபுரம் என்றும் குறிக்கப்பெற்றுள்ளது.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் திருக்கழுக்குன்றப் பதிகம் என்றே ஒரு பகுதி உண்டு. கண்பார்வை இல்லாத நிலையிலும் புலமையால் புகழ் பெற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியார், திருக்கழுக்குன்றப் புராணத்தையும் உலாவையும் இயற்றினார். அவர் வாழ்ந்த பொன்விளைந்த களத்தூர் இவ்வூருக்கு அணித்தே உள்ளது. கண்ணால் காணாத மலையின் பெருமையை அவர் சொல்லால் கண்டு பிறர்க்கும் காட்டினார் எனலாம்.

மலையும் குடைவரையும்

குன்றின் உயரம் ஏறத்தாழ 500 அடி. உச்சிக்குச் செல்ல 500-க்கு மேற்பட்ட கற்படிகள் உள்ளன. காலை வெயில் ஏறுமுன் படியேறத் தொடங்குவது நன்று. சற்றே மூச்சு வாங்கும். எனினும் இடையிடையே நின்று திரும்பிப் பார்த்தால் களைப்பு நீங்கும். கீழே தாழக்கோயிலின் நான்கு கோபுரங்களும், அவற்றைச் சூழ்ந்த வீதிகளும், சங்கு தீர்த்தம் என்னும் பெரிய குளமும் ஒருசேரத் தோன்றும். வானம் தெளிந்த நாளில் கீழ்த்திசையில் கடலின் நீலக் கோடும் தென்படும்.

உச்சியிலுள்ள மலைக்கோயில் பெருங்கற்பலகைகளைக் கொண்டு எழுப்பப்பட்டது. அதன் கருவறைச் சுவர்களில் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பங்களைக் காணலாம்.

மலைச்சரிவில் ஒரு குடைவரைக் கோயில் உள்ளது. ஒரே பாறையைக் குடைந்து அமைத்தமையால் இதனை ஒருகல் மண்டபம் என்பர். செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் இன்றி, உளியும் சுத்தியலும் மட்டுமே கொண்டு பாறையைக் கோயிலாக்கும் கலையைப் பல்லவர் தமிழகத்தின் வடபகுதியில் வளர்த்தனர். மாமல்லபுரத்தில் நாம் வியந்து காணும் குகைக்கோயில்களின் உடன்பிறப்பே இம்மண்டபம். தூண்கள் அடியிலும் முடியிலும் சதுரமாகவும், நடுவில் எண்பட்டையாகவும் செதுக்கப்பட்டுள்ளன. வாயிற்காவலர் உருவங்கள் அமைதியும் மிடுக்கும் தோன்ற நிற்கின்றன.

இம்மண்டபத்தில் வேறொரு காட்சியும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் தங்கித் துணி வாணிகம் செய்தனர். அவர்களுள் சிலர் இம்மலைக்கு வந்து, தம் பெயர்களை இக்கல்லில் பொறித்துச் சென்றனர். இன்று அவை வரலாற்றுச் சான்றாக மதிக்கப்படுகின்றன. ஆனால், அதனைக் கண்டு நாமும் நம் பெயரைக் கீறலாம் என எண்ணுதல் தகாது. கல்லைக் கோயிலாக்கிய சிற்பி தன் பெயரை எங்கும் பொறிக்கவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

வாக்குக் காத்த மன்னர்

இவ்வூர்க் கல்வெட்டுகளுள் ஒன்று சிறப்பாக அறியத்தக்கது. அது முதலாம் ஆதித்த சோழன் காலத்தது. அவன் ஆட்சியின் 27-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது. ஆதித்தன் 871-இல் அரியணை ஏறியவன். ஆகவே ஏறத்தாழ 898-ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம்.

அக்கல்வெட்டுக் கூறும் செய்தி இது: கந்தசிடியன் என்னும் பழம் பல்லவ மன்னன் இக்கோயிலுக்கு இறையிலியாக நிலம் அளித்தான். பின்னர், வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அவ்வறத்தை அவ்வாறே காத்தான். அதன் பின்னர் வந்த ஆதித்தனும் முன்னோர் காத்தவண்ணமே தானும் காத்தான்.

வாதாபியை வென்றவன் மாமல்லன் எனப்படும் முதலாம் நரசிம்மவர்மன். அவ்வெற்றி 642-இல் நிகழ்ந்தது. பல்லவரைப் போரில் வென்று அவர்தம் நாட்டைக் கைக்கொண்டவன் ஆதித்தன். நாட்டைக் கவர்ந்தவன், அந்நாட்டு மன்னர் செய்த அறத்தை அழித்திருக்கலாம், கேட்பார் இலர். ஆயினும் அவன் அழிக்கவில்லை. அரசு மாறினாலும் அறம் மாறலாகாது என்று கருதினான். ஒருவர் கொடுத்த வாக்கை வேறொருவர் காத்த வரலாறு இது. இக்குன்றின் பெருமைகளுள் இதனையும் ஒன்றாக எண்ணவேண்டும்.

தாழக்கோயிலும் சங்கு தீர்த்தமும்

மலையடியில் உள்ள தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரரும் திரிபுரசுந்தரி அம்மையும் எழுந்தருளியுள்ளனர். சித்திரைத் திங்களில் பெருவிழா நடைபெறும். தேரோட்டத்தன்று சுற்றுவட்டார மக்கள் திரண்டு வருவர். முழுமதி நாள்களில் மலையை வலம் வருவோர் பலர்.

ஊரின் ஒருபால் அமைந்த சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் என்பது மக்கள் நம்பிக்கை. அவ்வாறு கிடைத்த சங்குகளைக் கோயிலில் பாதுகாத்து வைத்துள்ளனர். கார்த்திகைத் திங்களில் நிகழும் ஆயிரத்தெட்டுச் சங்காபிடேகம் இத்தலத்தின் சிறப்பு விழாவாகும்.

நண்பகல் விருந்தினர்

இனி, ஊருக்குப் பெயர் தந்த கழுகுகளைப் பற்றிக் காண்போம். நாள்தோறும் நண்பகலுக்குச் சற்று முன்னர் மலைமேல் உள்ள ஒரு பாறையில் பண்டாரம் ஒருவர் வந்து அமர்வார். அவர் கையில் சருக்கரைப் பொங்கலும் நெய்யும் இருக்கும். கூடியிருப்போர் வானத்தை நோக்கியவண்ணம் காத்திருப்பர். வானில் இரு புள்ளிகள் தோன்றும். வட்டமிட்டு வட்டமிட்டுத் தாழ்ந்து பாறைமேல் வந்து இறங்கும். அவ்விரு பறவைகளும் அச்சமின்றி அவர் அருகே சென்று உணவைக் கொத்தித் தின்று, மீண்டும் வானில் எழுந்து மறையும். காசியில் நீராடி, கழுக்குன்றில் உண்டு, தில்லையில் இரவு தங்குவன என்று மக்கள் அவற்றைப் போற்றினர். சாபம் பெற்ற முனிவர் எண்மருள், ஒவ்வோர் ஊழியிலும் இருவர் கழுகாகி இங்கு வழிபட்டனர் என்று புராணம் கூறும்.

பறவைநூல் வல்லார் இவற்றை மஞ்சள்முகப் பாறு என்பர். உடல் வெண்மையாகவும், சிறகின் ஓரம் கருமையாகவும், முகம் மயிரின்றி மஞ்சளாகவும் இருக்கும். பாறு என்பது பழந்தமிழ் நூல்களில் பயிலும் சொல். இறந்த விலங்குகளின் உடலைத் தின்று ஊர்ப்புறத்தைத் தூய்மையாக வைத்திருப்பது இப்பறவைகளின் இயல்பு. கூலி பெறாத துப்புரவுப் பணியாளர் என இவற்றைக் கூறலாம்.

தலைமுறை தலைமுறையாக வந்த இவ்விருந்தினர், 1990-களின் இறுதிக்குப் பின் வரவில்லை. பாறை இருக்கிறது, பறவைகள் இல்லை.

அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறுகள் விரைந்து குறைந்தன. காரணம் அறியாது அறிஞர் திகைத்தனர். 2004-இல் உண்மை வெளிப்பட்டது. கால்நடைகளின் வலியைத் தணிக்க அளிக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அவை இறந்தபின் உடலில் தங்கிவிடும். அவ்வுடலைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகம் கெட்டு, அவை சில நாள்களில் மடியும். மாட்டைக் காக்கத் தந்த மருந்து, பறவைக்கு நஞ்சாயிற்று! 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை அளிப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2007-இல் மஞ்சள்முகப் பாறு, உலகில் அழியும் நிலையிலுள்ள பறவைகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. கழுக்குன்றின் இணை இம்மருந்தினால்தான் மறைந்தது என உறுதி கூற இயலாது. எனினும் நாடெங்கும் ஓர் இனமே அருகிய காலத்தில்தான் அவையும் மறைந்தன. தமிழ்நாட்டில் நீலகிரி மலையடியில், மாயாறு பாயும் காட்டுப் பகுதியில் இன்றும் பாறுகள் வாழ்கின்றன. அவற்றைக் காக்க அன்பர் பலர் உழைத்து வருகின்றனர்.

அண்டை ஊர் காட்டும் வழி

பறவைகளைக் காப்பது மக்களால் இயலுமோ என ஐயுறவேண்டுவதில்லை. இதே செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் அதற்குச் சான்று. ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் அவ்வூர் ஏரிமரங்களில் கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த நீர் வயல்களுக்கு உரமாகும் என்பதை உழவர் அறிந்திருந்தனர். வீரர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798-இல் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூரார்க்கு எழுத்து மூலம் வழங்கினார். இன்றும் தீபாவளியன்று அங்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். சிறுவரின் மகிழ்ச்சியைவிடக் குஞ்சுகளின் உறக்கம் பெரிது என்று கருதும் ஊர் அது!

கந்தசிடியன் செய்த அறத்தை மாமல்லன் காத்தான். மாமல்லன் காத்ததை ஆதித்தன் காத்தான். அவ்வாறே வேடந்தாங்கல் மக்கள் தம் முன்னோர் வாக்கைக் காத்து வருகின்றனர். மாணவர்களே, திருக்கழுக்குன்றம் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், மலைமேல் அப்பாறையையும் தவறாது காணுங்கள். வெறுமையான அப்பாறையும் ஒரு கல்வெட்டே. நமக்குப் பின் வருவோர்க்கு எதனைக் காத்து வைக்கப்போகிறோம் என்று அது நம்மைக் கேட்கிறது. அதற்கு விடை கூறவேண்டியவர்கள் நாமே.

அருஞ்சொற்பொருள்

அணித்தே – அருகிலேயே
இறையிலி – வரி நீக்கப்பட்ட நிலம்
குடைவரை – பாறையைக் குடைந்து செய்த கோயில்
போத்தரையன் – பல்லவ மன்னர்க்கு வழங்கிய பெயர்
மருவிற்று – திரிந்து வழங்கிற்று
பாறு – பருந்தினும் பெரிய, பிணந்தின்னும் பறவை

வினாக்கள்

1. திருக்கழுக்குன்றம் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. ஒருகல் மண்டபத்தின் அமைப்பை விளக்குக.
3. ஆதித்த சோழன் கல்வெட்டு நமக்கு உணர்த்தும் அறம் யாது?
4. இந்தியாவில் பாறுகள் அருகியமைக்கு அறிஞர் கண்ட காரணம் என்ன?
5. ‘வெறுமையான அப்பாறையும் ஒரு கல்வெட்டே’ – இத்தொடரின் கருத்தை விளக்குக.
6. உங்கள் ஊரில் முன்னோர் காத்து வைத்த குளம், மரம், கட்டடம் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.