இடது கண் கொஞ்சம் சின்னது

அரசுப் பள்ளியில் 31 வருடம் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஞாயிறு காலையில் எங்கள் மொட்டைமாடிக் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருகிறார்கள். பேங்கில் வேலை பார்ப்பவர் ஒருவர், நைட் டியூட்டி முடித்துத் தூக்கக் கண்ணோடு வரும் நர்ஸ் ஒருவர், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர். எல்லோருக்கும் ஒரே ஆசைதான். பென்சிலில் ஒரு முகம் வரைய வேண்டும், பார்த்தவர்கள் “அட, நம்ம அத்தை!” என்று சொல்ல வேண்டும். கேள்விகளும் வாராவாரம் அதேதான். தொண்டை வறளச் சொல்வதற்கு எழுதிக் கொடுத்துவிடலாமே என்று உட்கார்ந்தேன். நினைவுக்கு வந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். முதலில் இருப்பது பெரிது, கடைசியில் இருப்பது சிறிது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. கடைக்காரர் 12 பென்சில் டப்பாவை எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். எச்.பி., 2பி, 4பி, 6பி, இந்த நான்கு போதும். பென்சிலில் இருப்பது ஈயம் அல்ல. கிராஃபைட் பொடியும் களிமண்ணும் குழைத்துச் சூளையில் சுட்ட குச்சி. 1795இல் பிரெஞ்சுக்காரர் கோன்டே கண்ட வழி அது. களிமண் கூடினால் குச்சி கெட்டியாகி வெளிறிய கோடு விழும். அது ‘எச்’ பக்கம். கிராஃபைட் கூடினால் மெத்தென்று கறுப்பாக விழும். அது ‘பி’ பக்கம். அப்சரா, கேம்லின் எதுவானாலும் சரி. ஜெர்மன் பென்சில் நல்ல பென்சில்தான். முதல் ஐம்பது முகம் வரைந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேப்பர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜெராக்ஸ் பேப்பர் மூன்றாவது முறை அழிக்கும்போதே நார் கிளம்பிவிடும். 150 ஜி.எஸ்.எம்.க்குக் குறையாத கார்ட்ரிட்ஜ் பேப்பர் கேளுங்கள். கூடவே நீடட் ரப்பர் என்று சாம்பல் நிறத்தில் ஒன்று விற்கிறது. சப்பாத்தி மாவு மாதிரி கிள்ளி, உருட்டி, முனையைக் கூராக்கிக்கொள்ளலாம். அதை வைத்துத் தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும்.

2. முதல் படமாக சினிமா நடிகரை வரையாதீர்கள். அந்த முகத்தை ஆயிரம் போஸ்டரில் பார்த்திருக்கிறீர்கள். கை அந்தப் போஸ்டரைத்தான் வரையும். எதிரே இருக்கும் படத்தைக் கண் ஏறிட்டும் பார்க்காது. வீட்டில் ஒரு முகத்தைப் பிடியுங்கள். வயதானவர் என்றால் இன்னும் நல்லது. சுருக்கமும் பள்ளமும் வழிகாட்டும். மொழுமொழுவென்று இருக்கும் குழந்தை முகம் மாதிரிக் கஷ்டம் வேறில்லை.

படம் எடுக்கும்போது செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கிட்டே போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். ஆறடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். ஜன்னல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம், அது நிழலைத் துடைத்துவிட்டு முகத்தைத் தோசையாக்கிவிடும். முகத்தை அழகாக்கும் ஃபில்டரையும் நிறுத்திவிடுங்கள். நாம் வரைய வேண்டியதை எல்லாம் அது முன்கூட்டியே அழித்து வைத்திருக்கும்.

3. கண் எங்கே இருக்கிறது என்று கேட்டால் புதிதாக வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் சரிபாதியில் இருக்கும். நம்பிக்கை இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் தலையில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். முடியும் நெற்றியும் நமக்குச் சுவாரசியம் இல்லாத இடம் என்பதால் மனசு அவற்றைச் சுருக்கிவிடுகிறது. தலையின் அகலம் சுமார் ஐந்து கண். புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நடுவில் காது. இதெல்லாம் சராசரி மனிதனின் கணக்கு. அந்தச் சராசரி மனிதனை நான் இதுவரை தெருவில் சந்தித்ததில்லை. அதனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அத்தை அதிலிருந்து எங்கே விலகுகிறார் என்று பார்ப்பதற்குத்தான் அது.

4. கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலையா என்று அந்த நர்ஸ் கேட்டார். மவுண்ட் ரோட்டில் நாற்பதடி உயரத்துக்கு நின்ற சினிமா பேனர்கள் எல்லாம் உள்ளங்கை அளவு ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டுப் பெரிதாக்கியவைதான். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சாய்க்கும் வரை அந்தக் கைகளை யாரும் ஏமாற்றுக் கைகள் என்று சொன்னதில்லை. தாராளமாகப் போடுங்கள். எச்.பி.யால், பட்டும் படாமலும். அழுத்திப் போட்டால் பேப்பரில் தடம் விழும். பிறகு கன்னத்தில் நிழல் ஏற்றும்போது வெள்ளைச் சிலுவைகளாக எழுந்து நிற்கும். முதல் படத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கட்டம் என்றால் ஐந்தாவதுக்கு நான்கு சென்டிமீட்டர். பத்தாவதுக்கு நடுவில் ஒரு கூட்டல் குறி மட்டும்.

5. இதை ஒரு கதையாகத்தான் சொல்ல முடியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பின் தெருவில் ஒரு அம்மா, இறந்துபோன கணவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொண்டுவந்து பெரிதாக வரைந்து தரச் சொன்னார். பத்து ராத்திரி உட்கார்ந்தேன். முடித்ததும் எனக்கே பெருமை தாங்கவில்லை. கண்ணாடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “அழகா இருக்குங்க சார். ஆனா எங்க வீட்டுக்காரர் இல்லையே” என்றார்.

வீட்டுக்கு வரும் வரை கோபம். வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து டிவைடரால் அளந்தேன். போட்டோவில் இடது கண் வலது கண்ணைவிடச் சின்னது. வாயின் இடது முனை ஒரு நூல் இறங்கி இருந்தது. அந்தப் பக்கத்துக் கன்னமும் லேசாக உப்பல். நான் எனக்கே தெரியாமல் எல்லாவற்றையும் நேர் செய்திருந்தேன். இரண்டு கண்ணும் ஜோடி, வாய் மட்டம், கன்னம் சமம். கல்லூரியில் பிளாஸ்டர் சிலையைப் பார்த்துப் பழகிய கை.

மறுபடி வரைந்தேன், அளந்த கோணலோடு. இந்த முறை அந்த அம்மா உடனே கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டார். “வெத்தலைய எப்பவும் இந்தப் பக்கம்தான் ஒதுக்கிப்பாரு” என்றார்.

சாயல் என்று நாம் சொல்வது அந்த வெற்றிலைக் கன்னத்தில்தான் இருந்தது. எனவே எந்த முகத்தைத் தொடங்கும் முன்பும் பேப்பரின் ஓரத்தில் மூன்று கோணல்களை எழுதி வையுங்கள். ‘வலப்புருவம் மேலே’, ‘மூக்கு இடப்பக்கம் சாய்வு’ என்பதுபோல. மூன்று தேறவில்லை என்றால் நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

6. பார்த்தும் பிடிபடவில்லையா? போட்டோவைத் தலைகீழாக வைத்து, தலைகீழாகவே வரையுங்கள். பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியை 1979இல் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுக்கப் பரவிய பயிற்சி இது. பிகாசோ வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கி படத்தை அவர் தலைகீழாகத்தான் மாணவர்களிடம் கொடுப்பார். நேராக இருக்கும்போது ‘இது மூக்கு’ என்று மனசு முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த மூக்கு ஒன்றைப் போட்டுவிடும். கவிழ்த்து வைத்தால் அதற்கு மூக்கு தெரியாது; ஒரு வளைவும் ஒரு கறுப்புத் திட்டும் மட்டும் தெரியும். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கவிழ்த்து வரைந்த தாத்தாதான் இதுவரை அவன் வரைந்ததிலேயே நல்ல தாத்தா. அவன் அதை நம்ப மறுக்கிறான்.

7. நிழல். புதியவர் படம் ஏன் சப்பென்று இருக்கிறது என்றால், பயத்தால். கறுப்பு வைக்கப் பயந்து முழு முகத்தையும் ஒரே சாம்பலில் முடித்துவிடுவார்கள். முதலில் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக நிரப்புங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு போட்டோவைப் பாருங்கள். நுணுக்கம் மறைந்து நாலைந்து திட்டுகள்தான் மிஞ்சும். எங்கே அடர்கறுப்போ அதை முதல் நாளே வைத்துவிடுங்கள். மூக்கின் துவாரம், மேல் இமையின் கீழ், இரு உதடும் சேரும் கோடு. மற்றவை அதைப் பார்த்துத் தம்மைச் சரிசெய்துகொள்ளும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பழகுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அவர்கள் தோலுக்குப் பேப்பரின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து நம் அம்மாவை வரைந்தால் பவுடர் அப்பிய நாடக வேஷமாக வந்து நிற்பார். நம் முகத்துக்கு முதலில் 2பியால் முழுக்க ஒரு நடுச்சாம்பல் பூசிக்கொள்ளுங்கள். அதன்மேல் நிழலை ஏற்றி, நெற்றி மேடு, மூக்கு நுனி, கன்ன எலும்பு ஆகிய இடங்களில் நீடட் ரப்பரால் ஒற்றி வெளிச்சத்தை எடுங்கள். கறுத்த தோலில் வெளிச்சம் சின்ன இடத்தில், கூர்மையாக விழும். அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் முகம் மினுங்கும். வெள்ளைத் தோலில் இந்தச் சுகம் கிடைப்பதில்லை என்பது என் கட்சி.

கண்ணின் வெள்ளையும் வெள்ளை அல்ல. இமையின் நிழல் விழுந்த சாம்பல் அது. பாப்பாவின் மேல் இருக்கும் ஒரு புள்ளிதான் வெள்ளை.

8. விரலால் தேய்க்காதீர்கள். விரலில் எண்ணெய் இருக்கிறது. அது பட்ட இடத்தில் பென்சில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். டிஷ்யூ, காது குடையும் பஞ்சு, சுருட்டிய பேப்பர் ஸ்டம்ப், இவற்றில் எதுவும் ஆகும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். கோடையில் எங்கள் கொட்டகையில் வியர்வைத் துளி விழுந்து இரண்டு மூக்குகள் போயிருக்கின்றன.

9. பல் தெரியச் சிரிக்கும் போட்டோ வேண்டாம். வரைந்தே ஆக வேண்டும் என்றால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் கோடு போடாதீர்கள்.

10. முடியை ஒவ்வொன்றாக எண்ணி வரைபவர்கள் உண்டு. எண்ணெய் தடவி வாரிய தலை ஒரு பாறை மாதிரி. முதலில் அதன் மொத்த வடிவத்தையும் 4பியால் கறுப்பாக்கி, வெளிச்சம் விழும் வளையத்தை ரப்பரால் எடுத்துவிட்டு, கடைசியாக விளிம்பில் பிசிறும் பத்து முடியை மட்டும் போடுங்கள். பார்ப்பவர் மிச்சத்தைத் தாமே எண்ணிக்கொள்வார். மூக்குத்திக் கல்லும் அப்படித்தான். கல்லை வரைய முடியாது. சுற்றிலும் மூக்கின் தோலை ஒரு படி கறுப்பாக்கி, நடுவில் குண்டூசித் தலை அளவு பேப்பரைத் தொடாமல் விட்டுப் பாருங்கள். தானாக ஜொலிக்கும்.

11. எங்கே நிறுத்துவது? பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர், நெப்போலியன் வீழ்ந்த பிறகு ரோமில் புரவலர்களை இழந்து நின்றபோது, ஊர் பார்க்க வந்த பயணிகளைப் பென்சிலில் வரைந்துதான் வயிற்றைக் கழுவினார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். முகம் மட்டும் மூச்சு விடுவதுபோல் முடிந்திருக்கும்; கோட்டும் பாவாடையும் நாலு வேகக் கோடுதான். கண் எங்கே போக வேண்டுமோ அங்கே உழைப்பு. நம் பிள்ளைகள் சட்டைப் பொத்தானுக்கு ஒரு நாள் செலவழிக்கிறார்கள். தோலின் ஒவ்வொரு துளையையும் பூதக்கண்ணாடி வைத்து வரையும் இப்போதைய போக்கைப் பற்றியும் கேட்கிறீர்கள். உழைப்பைக் கும்பிடுகிறேன். ஆனால் “போட்டோ மாதிரியே இருக்கு” என்பது எனக்கு இன்னும் பாராட்டாகக் காதில் விழவில்லை. போட்டோதான் ஏற்கெனவே இருக்கிறதே.

12. வாரம் ஒரு முறையாவது போட்டோ இல்லாமல், ஆளைப் பார்த்து வரையுங்கள். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற பத்திரிகைத் தொடருக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் நேரில் உட்கார்ந்து வரைந்தவர். சிலை அசையாது, பாட்டி அசைவார், வித்தியாசம் அவ்வளவுதான். சீரியல் பார்க்கும் பாட்டி அரை மணி நேரத்துக்கு உறுதி. தெரியாதவரை வரைவதானால் கேட்டுவிட்டு வரையுங்கள்.

13. மோசமான படத்தைக் கிழிக்காதீர்கள். பின்பக்கம் தேதி போட்டுக் கட்டில் அடியில் தள்ளிவிடுங்கள். நல்லது என்று தோன்றுவதைச் சட்டம் போடும்போது கண்ணாடி பேப்பரை ஒட்டாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒட்டிய படம் பூசணம் பிடித்துவிடும்.

14. பென்சிலை ஷார்ப்னரில் திருகாதீர்கள். பிளேடால் சீவி, குச்சி அரை அங்குலம் வெளியே நிற்கும்படி வைத்துக்கொண்டால் அதைச் சாய்த்துப் பிடித்து அகலமாக நிழல் ஏற்றலாம். அடுத்த ஞாயிறு வரும்போது ஆளுக்கு ஒரு பிளேடு கொண்டுவாருங்கள். என்னுடையது மழுங்கிவிட்டது.